பதவி உயர்வுக்கு முன் ஒரு கேள்வித்தாள்: உளவியல் தேர்வும் மூளை அறிவியலும்

பெரிய நிறுவனங்களில் டீம் லீடாக இருப்பவர் மேலாளர் பதவிக்குப் பரிசீலிக்கப்படும் கட்டத்தில், ஹெச்.ஆர். பிரிவிலிருந்து அவருக்கு ஓர் இணைப்பு வந்து சேர்வது வழக்கமாகிவிட்டது. அதைத் திறந்தால் வரிசையாக வாக்கியங்கள் வரும்: ‘அறிமுகமில்லாதவர்கள் கூடிய இடத்தில் நானே பேச்சைத் தொடங்குவேன்’, ‘திட்டமிட்டபடி நடக்காவிட்டால் எனக்குப் படபடப்பு வரும்’, ‘எடுத்த வேலையைப் பாதியில் விடமாட்டேன்’. ஒவ்வொன்றுக்கும் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்பதிலிருந்து ‘சற்றும் உடன்படவில்லை’ என்பது வரையிலான ஐந்து கட்டங்களுள் ஒன்றைச் சொடுக்க வேண்டும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இந்தச் சொடுக்குகளை வைத்து, அவர் பத்துப் பேரை வழிநடத்தத் தகுந்தவரா என்பதைப் பற்றிய அறிக்கை ஒன்று உருவாகிறது. அண்மைக் காலமாக இத்தகைய அறிக்கைகளிலும் தலைமைப் பயிற்சி வகுப்புகளிலும் மூளையின் வண்ணப் படங்களும், டோபமைன், அமிக்டலா போன்ற சொற்களும் இடம்பிடித்துள்ளன. கேள்வித்தாள் சொல்வதற்கும் மூளை அறிவியல் சொல்வதற்கும் உண்மையில் என்ன தொடர்பு, எந்த இடத்தில் ஒன்று மற்றொன்றுக்கு உதவுகிறது, எந்த இடத்தில் வெறும் அலங்காரமாக நிற்கிறது என்பதை இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காகச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

உயரத்தையும் எடையையும் போல மனத்தின் இயல்புகளை நேரடியாக அளக்க முடியாது. ஒருவர் அளிக்கும் பதில்களிலிருந்து அவற்றை ஊகித்து, அந்த ஊகத்தை எண்ணாக்கித் தருவதே சைக்கோமெட்ரிக் தேர்வு எனப்படும் உளவியல் அளவீட்டுத் தேர்வு. பாரிஸில் 1905ஆம் ஆண்டு ஆல்ஃபிரெட் பினேயும் தியோடர் சிமோனும் உருவாக்கிய நுண்ணறிவு அளவுகோல் இவ்வகையில் முன்னோடி; பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காண்பதே அதன் நோக்கம். பெரியவர்களிடம், அதுவும் பணி ஒதுக்கீட்டுக்காக, இத்தகைய தேர்வு பெருமளவில் நடந்தது முதல் உலகப் போரின்போதுதான். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும், ராபர்ட் யெர்க்ஸ் தலைமையிலான உளவியலாளர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ‘ஆர்மி ஆல்ஃபா’ என்றும் தெரியாதவர்களுக்கு ‘ஆர்மி பீட்டா’ என்றும் இரு தேர்வுகளை வடிவமைத்து, ஏறத்தாழ 17 லட்சம் பேரைச் சோதித்தனர். அதே காலத்தில் ராபர்ட் வுட்வொர்த், குண்டு மழையின் நடுவே மனமுடைந்து போகக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டறிவதற்காக, ஆம் அல்லது இல்லை என்று விடையளிக்கும் கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்தார். அது பயன்பாட்டுக்கு வருவதற்குள் போர் முடிந்துவிட்டது. இன்றைய ஆளுமைக் கேள்வித்தாள்கள் அதன் வழிவந்தவை. குறைந்த நேரத்தில், குறைந்த செலவில், ஆயிரக்கணக்கானோரை வகைபிரிக்க வேண்டிய தேவையில் பிறந்த கருவி இது என்பதை மனத்தில் கொண்டால், பின்னால் வரும் பல சிக்கல்கள் எளிதில் விளங்கும்.

எந்தத் தேர்வையும் இரண்டு கேள்விகளால் சோதிக்க வேண்டும். ஒரே ஆளுக்குச் சில வாரங்கள் கழித்து மறுபடி தேர்வு வைத்தால் ஏறக்குறைய அதே மதிப்பெண் வருகிறதா என்பது முதல் கேள்வி. இதை நம்பகத்தன்மை என்பர். எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதைத்தான் அளக்கிறதா, அந்த மதிப்பெண்ணை வைத்து வேலையில் நடக்கப்போவதை ஓரளவாவது முன்கூட்டிச் சொல்ல முடிகிறதா என்பது இரண்டாவது; இது ஏற்புடைமை. தேர்வு எழுதியவர் ‘அப்படியே என்னைச் சொல்லிவிட்டது’ என்று வியப்பது இவ்விரண்டில் எதற்கும் சான்றாகாது. அதை மறுக்க முடியாத வகையில் காட்டியவர் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர். 1948இல் தம் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரிட்ட ஆளுமைக் குறிப்பைத் தந்தார். பிறர் தம்மை விரும்ப வேண்டும் என்ற ஏக்கம் உடையவர், சில வேளைகளில் கலகலப்பாகவும் சில வேளைகளில் ஒதுங்கியும் இருப்பவர் என்பது போன்ற வரிகள் அதில் இருந்தன. குறிப்பு எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னபோது சராசரியாக 4.26 கிடைத்தது. அதன் பிறகுதான் அனைவருக்கும் தரப்பட்டது ஒரே குறிப்பு என்பதும், அதன் வரிகள் கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்பதும் மாணவர்களுக்குத் தெரிய வந்தது.

அலுவலகப் பயிற்சிகளில் பலரும் சந்தித்திருக்கக்கூடிய எம்.பி.டி.ஐ. என்ற மையர்ஸ்-பிரிக்ஸ் வகைப்பாடு முதல் கேள்வியிலேயே தடுமாறுகிறது. கார்ல் யுங் 1921இல் முன்வைத்த ஆளுமை வகைகளை அடிப்படையாகக் கொண்டு கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் உருவாக்கிய இத்தேர்வு, மனிதர்களைப் பதினாறு வகைகளாகப் பிரிக்கிறது. பெரும்பாலோர் எந்த இயல்பிலும் நடுப்பகுதியில்தான் இருப்பர். நடுவில் ஒரு கோடு கிழித்து இந்தப் பக்கம் அகமுகர், அந்தப் பக்கம் புறமுகர் என்று பெயரிட்டால், இரண்டொரு விடைகள் மாறினாலே ஆள் வேறு வகைக்குப் போய்விடுகிறார். ஆகவேதான் சில வாரங்களில் மறுதேர்வு எழுதுவோரில் கணிசமானோர் வேறு வகையில் விழுகின்றனர். ஆட்களைத் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று இத்தேர்வை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

ஆய்வாளர்கள் நம்பிப் பயன்படுத்துவது வேறொன்று. 1936இல் கோர்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பெர்ட்டும் ஆங்கில அகராதியிலிருந்து மனிதர்களை வருணிக்கும் ஏறத்தாழ 18,000 சொற்களைத் திரட்டினர். அடுத்த அரை நூற்றாண்டில் பலர் அவற்றை வடிகட்டிச் சுருக்கியதில் மீண்டும் மீண்டும் ஐந்து தொகுப்புகளே தேறின: புறமுகத்தன்மை, பொறுப்புணர்வு, இணக்கம், புதுமை நாட்டம், மனச்சலனம். ஐம்பெரும் இயல்புகள் எனப்படும் இந்த முறை யாரையும் பெட்டியில் அடைப்பதில்லை; ஒவ்வோர் இயல்பிலும் அவர் எந்த அளவில் நிற்கிறார் என்று மட்டும் சொல்கிறது.

இந்த இயல்புகளுக்கும் தலைமைக்கும் உள்ள தொடர்பை, அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2002இல் டிமத்தி ஜட்ஜும் உடன் பணியாற்றியோரும் கணக்கிட்டனர். புறமுகத்தன்மைக்கு 0.31, பொறுப்புணர்வுக்கு 0.28, புதுமை நாட்டத்துக்கு 0.24, இணக்கத்துக்கு வெறும் 0.08 என்று ஒட்டுறவுக் கெழுக்கள் கிடைத்தன. மனச்சலனம் மட்டும் எதிர்த்திசையில் 0.24. ஒட்டுறவுக் கெழு 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை. 0.31 என்பதை வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ 0.1 வரும், தலைமையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கைத்தான் இந்த இயல்பு விளக்குகிறது என்பது இதன் பொருள். ஆயிரம் பேரில் நூறு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பத்தில் ஒரு பங்குக்கும் மதிப்பு உண்டு. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அது போதாது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. தேர்வு அறிக்கைகளைக் கையாளும் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். புறமுகத்தன்மைக்குக் கிடைத்த தொடர்பு, ஒருவர் குழுவில் தலைவராக எழுவதோடு கூடுதலாகவும், எழுந்த பிறகு தலைமைப் பணியைத் திறம்படச் செய்வதோடு குறைவாகவும் இருந்தது. கூட்டத்தில் முதலில் வாய் திறப்பவர் பிறர் கண்ணுக்குத் தலைவராகத் தெரிகிறார். அவருக்குக் கீழே வேலை நன்றாக நடக்கிறதா என்பது தனிக் கேள்வி. தேர்வு எதனோடு ஒப்பிட்டு உருவாக்கப்பட்டதோ அதையே பிரதிபலிக்கும். மேலதிகாரிகள் யாரைத் தலைவராகக் கருதினார்களோ அவர்களை அளவுகோலாக வைத்துத் தயாரித்த தேர்வு, அந்த மேலதிகாரிகளின் பழைய விருப்பத்தையே எண்ணாக மாற்றித் திருப்பித் தரும்.

இனி மூளையின் பக்கம் வருவோம். தலைமையையும் மூளையையும் இணைத்துப் பேசும் அறிவியலின் தொடக்கத்திலேயே நிற்பவர் ஒரு மேஸ்திரி. ஃபினியஸ் கேஜ் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதை போடும் குழு ஒன்றுக்குப் பொறுப்பாளராக இருந்தார். 1848 செப்டம்பர் 13 அன்று, கேவண்டிஷ் என்னும் ஊருக்கு அருகே, பாறையில் துளையிட்டு வெடிமருந்தைக் கெட்டிக்கும்போது மருந்து வெடித்து, கையில் இருந்த மூன்றரை அடிக்கும் சற்று நீளமான, ஏறத்தாழ ஆறு கிலோ எடையுள்ள இரும்புக்கோல் அவரது இடக் கன்னத்தின் வழியே புகுந்து மண்டை உச்சியைத் துளைத்து வெளியே பறந்தது. சில நிமிடங்களில் அவர் பேசினார். மாட்டு வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே ஊருக்குள் வந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் ஜான் ஹார்லோ, இருபது ஆண்டுகள் கழித்து 1868இல் வெளியிட்ட குறிப்பில், விபத்துக்கு முன்பு அவரைத் தங்களிடம் இருந்தவர்களிலேயே திறமையான மேஸ்திரி என்று மதித்த ஒப்பந்ததாரர்கள், விபத்துக்குப் பிறகு அந்த வேலையை அவருக்குத் திரும்பக் கொடுக்க மறுத்ததைப் பதிவுசெய்தார். அறிவு மங்கவில்லை, உடலில் வலு இருந்தது. ஆனால் பொறுமை போயிற்று. திட்டங்கள் பல போட்டு ஒவ்வொன்றையும் கைவிட்டார். வாயில் வசைச் சொற்கள் வந்தன. உடன் வேலை செய்வோரிடம் மரியாதை குறைந்தது. நண்பர்களுக்கு அவர் பழைய கேஜாகவே தெரியவில்லை.

பாடநூல்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. நிறுத்தக் கூடாது, ஏனெனில் கதையின் மறுபாதி அதே அளவு முக்கியமானது. கேஜ் பின்னர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போய், பல ஆண்டுகள் குதிரைகள் பூட்டிய பயணி வண்டி ஓட்டினார். நேரம் தவறாமை, பயணிகளிடம் பக்குவமாக நடந்துகொள்ளுதல், பாதையை முன்கூட்டித் திட்டமிடுதல் எல்லாம் தேவைப்படும் வேலை அது. மூளையின் முன்பகுதி சேதமுற்றவரும் நாள்தோறும் ஒரே ஒழுங்கில் அமைந்த பணிச்சூழல் கிடைத்தபோது மீண்டும் பொறுப்பானவராக வாழ்ந்திருக்கிறார் என்று, இவர் வாழ்க்கையை ஆராய்ந்த மால்கம் மக்மில்லன் வாதிடுகிறார். கேஜ் 1860இல் இறந்தார். அவரது மண்டையோடும் அந்த இரும்புக்கோலும் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் வாரன் உடற்கூற்று அருங்காட்சியகத்தில் உள்ளன.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பகுதியை முன்நெற்றிப் புறணி என்கிறோம். உடனே தோன்றும் எதிர்வினையை அடக்கிவைத்தல், பல செய்திகளை ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்துதல், ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல், வருங்காலத்துக்காக இன்றைய ஆசையைத் தள்ளிப்போடுதல் ஆகியவற்றில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இவற்றுள் அடக்கிவைத்தலை வீட்டிலேயே பார்க்கலாம். ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, ஒருவரிடம் காட்டி, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்லும்படி கேளுங்கள். நாக்கு ‘சிவப்பு’ என்று சொல்லத் துடிக்கும். அதை அடக்கிப் ‘பச்சை’ என்று சொல்வதற்குள் ஒரு சிறு தயக்கம் விழும். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட இந்தச் சோதனை, படிக்கத் தெரிந்த கிட்டத்தட்ட யாரிடமும் பலிக்கும்.

எல்லாரிடமும் பலிக்கிறது என்பதிலேயே ஒரு சிக்கல் அடங்கியிருக்கிறது. கிரெய்க் ஹெட்ஜும் அவர் குழுவினரும் 2018இல் காட்டியபடி, ஸ்ட்ரூப் போன்ற சோதனைகள் ஆய்வுக்கூடத்தில் தவறாமல் பலிப்பதற்குக் காரணமே அவற்றில் ஆளுக்கு ஆள் வேறுபாடு குறைவாக இருப்பதுதான். அந்தக் குறைந்த வேறுபாட்டை வைத்து ஆட்களை வரிசைப்படுத்த முயன்றால், மறுமுறை வரிசை மாறிவிடுகிறது. உளவியலில் இரண்டு மரபுகள் தனித்தனியே வளர்ந்துவிட்டன என்று லீ கிரான்பாக் 1957லேயே எடுத்துரைத்தார். சூழலை மாற்றினால் மனிதர்களிடம் பொதுவாக என்ன நிகழ்கிறது என்று பார்ப்பது ஒரு மரபு. ஒரே சூழலில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் எப்படி வேறுபடுகிறார்கள் என்று பார்ப்பது மற்றொன்று. மூளை அறிவியலின் உறுதியான கண்டுபிடிப்புகளில் மிகப் பல முதல் மரபைச் சேர்ந்தவை. அலுவலகத்தின் கேள்வித்தாள் இரண்டாம் மரபின் பிள்ளை. ஒன்றின் கண்டுபிடிப்பை எடுத்து மற்றொன்றின் வேலைக்குப் பயன்படுத்துவதால்தான் இந்தத் துறையில் பெரும்பாலான குழப்பங்கள் விளைகின்றன.

மூளையைப் படம் பிடிக்கும் கருவியிலும் இதே நிலைதான். 1990இல் செய்ஜி ஒகாவா கண்டறிந்த கோட்பாட்டின்படி இயங்கும் எஃப்.எம்.ஆர்.ஐ., நரம்புச் செல்களின் பேச்சை நேராகக் கேட்பதில்லை. வேலை செய்யும் பகுதிக்குச் சில விநாடிகள் கழித்துக் கூடுதலாகப் பாயும் குருதியின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கிறது. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் லாரி வந்தது என்ற பதிவை வைத்து, அந்தத் தெரு வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஊகிப்பதற்கு இது ஒப்பாகும். அந்த ஊகம் ஓர் ஆளைப் பொறுத்தவரை எவ்வளவு நிலையானது? 2020இல் ட்யூக் பல்கலைக்கழகத்தின் மாக்ஸ்வெல் எலியட் குழுவினர் 90 சோதனைகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, பணி ஒன்றைச் செய்கையில் எடுக்கும் மூளைப் படங்களின் மறுதேர்வு நம்பகத்தன்மை சராசரியாக 0.397 என்று வந்தது. நன்கு வடிவமைத்த ஆளுமைக் கேள்வித்தாளில் இது வழக்கமாக 0.8ஐ ஒட்டி இருக்கும். கோடிக்கணக்கில் விலையுள்ள கருவியைவிட, ஓர் ஆளை இன்னோர் ஆளிடமிருந்து பிரித்துக் காட்டும் வேலையில், ஒரு தாளும் பேனாவும் நிலையான விடை தருகின்றன என்பது புதிதாகப் படிப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

ஐம்பெரும் இயல்புகளையும் மூளையின் அமைப்பையும் நேரடியாக இணைத்துப் பார்த்த முயற்சிகளும் இதே பாடத்தைத்தான் தந்தன. காலின் டியங் குழுவினர் 2010இல் 116 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்து, ஐந்து இயல்புகளில் நான்குக்கு மூளைப் பகுதிகளின் பருமனோடு தொடர்பு இருப்பதாக அறிவித்தனர். அந்த ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. பத்தாண்டு கழித்து 1,107 பேரை வைத்து அதே வகைக் கேள்வியைக் கேட்டபோது குறிப்பிடத்தக்க தொடர்பு ஏறக்குறைய எதுவும் கிடைக்கவில்லை. 2022இல் ஸ்காட் மாரெக்கும் பிறரும் ஏறத்தாழ 50,000 பேரின் தரவைப் பயன்படுத்தி இதற்கான காரணத்தைத் தெளிவாக்கினர்: மூளையின் அமைப்புக்கும் மனிதர்களின் சிக்கலான இயல்புகளுக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது, அதை நம்பிக்கையோடு கண்டறிய ஆயிரக்கணக்கானோர் தேவை, இருபது முப்பது பேரை வைத்து நடக்கும் ஆய்வுகளில் தோன்றும் பெரிய எண்கள் பெரும்பாலும் தற்செயல். ஒருவரின் மூளைப் படத்தைப் பார்த்து அவர் நல்ல மேலாளரா என்று சொல்லும் வழி இன்று இல்லை.

இருந்தும் மூளையின் பெயரைச் சொன்னால் பேச்சுக்கு எடை கூடிவிடுகிறது. டீனா வைஸ்பெர்க் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மோசமான விளக்கங்களோடு தொடர்பே இல்லாத ஒரு மூளைத் தகவலைச் சேர்த்ததும், துறை அறியாதவர்களுக்கு அவை திருப்தியான விளக்கங்களாகத் தோன்றின. தலைமைப் பயிற்சிகளில் அடிக்கடி கேட்கும் ஒரு கூற்றை இங்கே எடுத்துக்கொள்ளலாம்: ஊழியரைப் பலர் முன்னிலையில் ஒதுக்கினால் அவர் மூளையில் உடல் வலியே உண்டாகிறது என்பார்கள். இதன் மூலம் 2003இல் நயோமி ஐசன்பெர்கர், மேத்யூ லீபர்மன், கிப்லிங் வில்லியம்ஸ் ஆகியோர் செய்த சோதனை. கருவிக்குள் படுத்திருந்தவர் திரையில் வேறு இருவரோடு பந்து வீசி விளையாடினார். சற்று நேரத்தில் அந்த இருவரும் இவருக்குப் பந்தே போடாமல் தங்களுக்குள் வீசிக்கொண்டனர். அப்போது வலியின்போது இயங்கும் ஒரு பகுதி இவர் மூளையிலும் கூடுதலாக இயங்கியது. பங்கேற்றவர்கள் 13 பேர். அந்தப் பகுதி முரண்பாடு, எதிர்பாராமை, கவனம் எனப் பலவற்றிலும் இயங்குவது என்பதால், அது இயங்கியதை மட்டும் வைத்து வலி என்று முடிவு கட்ட முடியாது. ரஸ்ஸல் போல்ட்ராக் 2006இல் எச்சரித்த தலைகீழ் ஊகம் இதுதான். 2014இல் நுட்பமான முறையில் மறுபடி பார்த்தபோது, உடல் வலிக்கும் ஒதுக்கப்படும் துயரத்துக்கும் அதே பகுதிகளுக்குள்ளேயே வெவ்வேறு இயக்கக் கோலங்கள் இருப்பது தெரிந்தது. ஒதுக்கப்படுவது மனிதரை வருத்தும் என்பது முற்றிலும் உண்மை. அதை நிறுவ மூளைப் படம் தேவையும் இல்லை.

அப்படியானால் மூளை அறிவியலால் பணியிடத்துக்குப் பயனே இல்லையா? பயன் மிக உண்டு, ஆனால் அது ஆளைத் தரம் பிரிப்பதில் இல்லை. எந்த மனிதரும் எந்தச் சூழலில் தெளிவாகச் சிந்திக்க முடியாமல் போகிறார் என்பதைச் சொல்வதில்தான் அதன் வலிமை இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருவது இதையே. முன்நெற்றிப் புறணி நன்றாக இயங்க நோர்எபிநெஃப்ரின், டோபமைன் ஆகிய வேதிப்பொருள்கள் அளவோடு வேண்டும். குறைந்தால் மந்தம், தன் கட்டுப்பாட்டில் இல்லாத அழுத்தம் வரும்போது இவை பெருகினால், அப்பகுதியின் நரம்பு இணைப்புகள் நிமிடங்களில் தளர்ந்து, பழக்கத்தையும் அச்சத்தையும் சார்ந்த பழைய பகுதிகள் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்கின்றன. அப்போது நிதானமான மேலாளரும் எரிந்து விழுவார், ஒரே யோசனையைப் பிடித்துக்கொண்டு தொங்குவார், கேட்ட செய்தியை அடுத்த கணமே மறப்பார். மிதமான தூண்டுதலில் திறன் ஏறி, மிகுந்தால் இறங்கும் என்ற இந்த வளைகோட்டை எலிகளைக் கொண்டு 1908லேயே காட்டிய இருவரில் ஒருவர், பின்னாளில் 17 லட்சம் பேருக்குத் தேர்வு வைத்த அதே ராபர்ட் யெர்க்ஸ். அழுத்தத்தைப் பற்றிய அந்த அறிவு படைவீரர் தேர்வு நடந்த கூடங்களுக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

ஆர்ன்ஸ்டனின் ஆய்வில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது ‘தன் கட்டுப்பாட்டில் இல்லாத’ என்ற பகுதியைத்தான். ஒரே வேலைப் பளு எல்லாரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. அதன் மேல் தனக்குப் பிடி இருக்கிறது என்று உணர்பவர் தாங்குகிறார். 2012இல் கேரி ஷெர்மன், ஜெனிஃபர் லெர்னர் உள்ளிட்டோர், ஹார்வர்டில் பயிற்சிக்கு வந்த ராணுவ அதிகாரிகளையும் அரசு உயர் அலுவலர்களையும் கொண்டு செய்த ஆய்வில், தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களின் உமிழ்நீரில் அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறைவாக இருந்தது, பதற்றமும் குறைவு. உயர் பதவி, கூடுதல் அதிகாரம் ஆகியவை தந்த கட்டுப்பாட்டு உணர்வோடு இது சேர்ந்து வந்தது. பதவிதான் அமைதியைத் தந்ததா, அமைதியானவர்களே பதவிக்கு வந்தார்களா என்பதை இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. எனினும் ஒன்றை யோசிக்க வேண்டும். முடிவெடுக்கும் உரிமை இல்லாமல் பொறுப்பை மட்டும் சுமக்கும் டீம் லீட் ஒருவருக்கும், இரண்டும் கையில் உள்ள இயக்குநருக்கும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து, ‘எனக்கு எளிதில் படபடப்பு வரும்’ என்ற வரிக்கு இருவர் தரும் விடையையும் இருவரின் பிறவி இயல்பு என்று எழுதிவைத்தால், நாற்காலியின் தன்மையை ஆளின் தன்மையாகக் கணக்கில் ஏற்றிவிடுகிறோம்.

அதிகாரம் மறுதிசையிலும் வேலை செய்கிறது. சுக்விந்தர் ஓபி, ஜெரமி ஹோகவீன், மைக்கேல் இன்ஸ்லிக்ட் ஆகியோர் 2014இல் வெளியிட்ட சோதனையில், பங்கேற்றவர்களில் சிலர் தாம் பிறர்மேல் அதிகாரம் செலுத்திய நிகழ்ச்சியையும், சிலர் பிறர் தம்மேல் அதிகாரம் செலுத்திய நிகழ்ச்சியையும் எழுதினர். பிறகு ஒரு கை ரப்பர் பந்தை அழுத்தும் காட்சியைக் காட்டி, காந்தத் தூண்டல் மூலம் அவர்களின் இயக்கப் புறணி, அதாவது உடல் அசைவுகளை இயக்கும் மூளைப் பகுதி, எந்த அளவுக்கு அந்தச் செயலோடு ஒத்திசைகிறது என்று அளந்தனர். அதிகாரத்தை நினைவுகூர்ந்தவர்களிடம் ஒத்திசைவு குறைந்திருந்தது. சிறிய சோதனைதான்; மேலே சொன்ன எச்சரிக்கைகள் இதற்கும் பொருந்தும். ஆயினும் பதவி உயர்வுக்கு முன் எழுதிய தேர்வில் ‘பிறர் நிலையை உணர்பவர்’ என்று வந்த மதிப்பெண், மூன்று ஆண்டுகள் அதிகாரத்தில் இருந்த பிறகும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்வதற்கு முன் தயங்க வைக்கிறது.

தேர்வுகளை முற்றிலும் தள்ளிவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. நேர்காணல் எடுப்பவரின் உள்ளுணர்வை மட்டும் நம்புவது இதைவிட மோசமானது. சாதி, ஊர், ஆங்கில உச்சரிப்பு, கைகுலுக்கும் விதம் எல்லாம் அங்கே சத்தமில்லாமல் மதிப்பெண் பெற்றுவிடும். பால் சாக்கெட் குழுவினர் 2022இல் வெளியிட்ட மறுகணக்கின்படி, எல்லாரிடமும் வேலை சார்ந்த ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்காணலுக்கும் வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42, அறிவுத்திறன் தேர்வுக்கு 0.31. எனவே பல முறைகளைச் சேர்த்துப் பார்ப்பதே நியாயம். இந்தியாவில் ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. இதற்கு நெடுங்கால எடுத்துக்காட்டு. ஐந்து நாள்கள் நடக்கும் அந்தத் தேர்வில் உளவியலாளர், குழுப்பணிகளைக் கவனிக்கும் அதிகாரி, நேர்காணல் அதிகாரி ஆகிய மூவரும் தனித்தனியே பதினைந்து குணங்களை மதிப்பிட்டு, கடைசி நாளில் ஒன்றாக அமர்ந்து ஒப்பிடுகின்றனர். 15 விநாடிக்கு ஒரு சொல்லாக அறுபது சொற்களைக் காட்டி மனத்தில் தோன்றும் வாக்கியத்தை எழுதச் சொல்லும் பகுதியும், படத்தைப் பார்த்துக் கதை எழுதும் பகுதியும் கோச்சிங் சென்டர்களில் பயிற்சி தரும் அளவுக்குப் பழகிப்போய்விட்டன. அவற்றின் நம்பகத்தன்மை பற்றி நியாயமான கேள்விகள் உண்டு. மூவர் மூன்று கோணங்களில் பார்த்து ஒப்பிடுகிறார்கள் என்பதுதான் அந்த முறையில் கற்றுக்கொள்ளத் தக்கது.

தேர்வு எந்த எல்லைவரை மனத்துக்குள் நுழையலாம் என்பதை நீதிமன்றங்களும் வரையறுத்துள்ளன. அமெரிக்காவில் ரென்ட்-எ-சென்டர் என்ற நிறுவனம் மேலாளர் பதவி உயர்வுக்கு வைத்த தேர்வில், மனநோய்களைக் கண்டறியப் பயன்படும் எம்.எம்.பி.ஐ. வினாத்தொகுப்பின் 502 கேள்விகள் இருந்தன. அது மருத்துவப் பரிசோதனைக்கு ஒப்பானது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதவி உயர்வுக்கு அதைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று 2005இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 2010 மே மாதம் செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில், உண்மை கண்டறியும் சோதனையையும் மூளை மின்னலைச் சோதனையையும் ஒருவரின் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது குற்றப் புலனாய்வைப் பற்றிய வழக்கு என்றாலும், குற்றம் சாட்டப்பட்டவருக்கே மூளையின் மேல் அந்த உரிமை உண்டென்றால் சம்பளம் வாங்கும் ஊழியருக்கு அதைவிடக் குறைவாக இருக்க நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் தவிர, பணியிடத்தில் ஊழியர்களின் உணர்ச்சிகளைக் கருவி கொண்டு கண்டறிவதை 2025 பிப்ரவரி 2 முதல் தடைசெய்துள்ளது.

உங்கள் அலுவலகத்தில் இத்தகைய தேர்வு வந்தால், தயங்காமல் கேட்கக்கூடியவை சில உண்டு. இதே தேர்வை மறுபடி எழுதினால் மதிப்பெண் எவ்வளவு மாறும் என்பதற்கு அளவு இருக்கிறதா? இந்த மதிப்பெண்ணை எந்த வேலையின் எந்த விளைவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மேலதிகாரி தந்த அப்ரைசல் மதிப்பெண்ணோடா, கீழே வேலை செய்தவர்களின் அனுபவத்தோடா? நம் நாட்டு ஊழியர்களிடமும் இதைச் சோதித்தார்களா, வேறு நாட்டில் தயாரித்ததை அப்படியே மொழிபெயர்த்தார்களா? அறிக்கையில் மூளையைப் பற்றிய வரிகளை நீக்கிவிட்டால் சொல்லும் முடிவு மாறுமா? நான் பதில் எழுதிய வாரத்தில் எனக்கு இருந்த வேலைப் பளுவும் முடிவெடுக்கும் உரிமையும் எங்காவது பதிவாகின்றனவா? இந்த முடிவு எத்தனை காலம் என் கோப்பில் இருக்கும், யார் யார் பார்ப்பார்கள்? முறையாகத் தேர்வு நடத்துபவர்களிடம் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எழுத்து வடிவில் விடை இருக்கும்; தேர்வோடு வரும் தொழில்நுட்பக் கையேட்டில் நம்பகத்தன்மை, ஏற்புடைமை எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அந்தக் கையேட்டையும் உங்கள் அறிக்கையின் நகலையும் சேர்த்தே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.